பிங்க் ஃபிளாய்ட் அட்டைப் படங்கள்: முக்கோணமா, எரியும் மனிதனா, பன்றியா?

ஊசிமுனை

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டைப் பற்றி இந்தக் குழுமத்தில் போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. இந்த இழை அவர்களுடைய இசைத்தட்டு அட்டைப் படங்களுக்கு மட்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்ட் அட்டை என்றாலே எல்லோரும் 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பின், ஒளியை வானவில்லாகப் பிரிக்கும் முக்கோணத்தைத்தான் காட்டுகிறார்கள். டீ-ஷர்ட், போன் கவர், பைக் ஸ்டிக்கர், எதை எடுத்தாலும் அதுதான். நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் உச்சம் அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த 'விஷ் யூ வேர் ஹியர்'. கோட்டு சூட்டு போட்ட இரண்டு பேர் ஆள் நடமாட்டம் இல்லாத ஸ்டுடியோ வளாகத்தில் கை குலுக்குகிறார்கள். ஒருவர் பற்றி எரிகிறார். எரிகிறவரும் பதறவில்லை, எதிரே நிற்பவரும் கையை விடவில்லை. இசை வியாபாரத்தில் ஒப்பந்தம் போடுகிறவன் கதி என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்கு: லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பர்பாங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகத்தில் எடுத்தது. எரிகிறவர் ரானி ராண்டல், எதிரே இருப்பவர் டேனி ராஜர்ஸ். இருவரும் சினிமா ஸ்டண்ட் ஆட்கள். உள்ளே தீ தாங்கும் உடை, அதன்மேல் சூட்டு, தலையில் விக். கேமரா பிடித்தவர் ஆப்ரி பவல். முதலில் காற்று தப்பான பக்கம் அடித்துத் தீ நேராக ராண்டலின் முகத்துக்குப் போனது, மீசை கருகிவிட்டது. அப்புறம் இருவரையும் இடம் மாற்றி நிறுத்தி எடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார்கள்.

கம்ப்யூட்டர் கிடையாது. ஆளைக் கொளுத்தினார்கள், படம் எடுத்தார்கள். 1968-இலிருந்து பிங்க் ஃபிளாய்டுக்கு அட்டை செய்துவந்த ஹிப்னோசிஸ் நிறுவனத்தின் பிடிவாதமே அதுதான். ஸ்டார்ம் தோர்கர்சனும் பவலும் தொடங்கியது. மனதில் என்ன தோன்றுகிறதோ அதை முதலில் நிஜமாகச் செய்து நிறுத்து, பிறகு கேமராவைத் தூக்கு. அந்தப் படங்கள் 50 வருடம் தாண்டியும் நிற்பதற்குக் காரணம் அதுவே என்பது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

ரசிகன்அல்ல

கடலை தீர்ந்ததும் பொட்டலத் தாளை யாரும் மடித்து வைப்பதில்லை. இசைத்தட்டுதான் சரக்கு. இப்போது கேட்கிறவன் போனில் நகத்தளவு படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போகிறான். நகத்தளவிலும் அடையாளம் தெரிவது முக்கோணம் ஒன்றுதான், அதனால் அது ஜெயித்தது. இதில் தத்துவம் எதற்கு?

மாட்டுக்கட்சி

என் ஓட்டு மாட்டுக்கு. 1970, 'ஆட்டம் ஹார்ட் மதர்'. லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கம் ஒரு வயலில் நின்ற மாடு, பெயர் லுலுபெல் மூன்று. திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். முன் அட்டையில் குழுவின் பெயர் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயில் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் பிரிட்டனில் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது இந்த மாடுதான்.

யாரையும் கொளுத்தவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போனார்கள், மாடு நின்றது, எடுத்தார்கள்.

இயற்பியல் டீச்சர்

முக்கோணத்துக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒளிவிலகல் பாடம் எடுக்கப் பலகையில் முப்பட்டகம் வரைந்தாலே பின் பெஞ்சிலிருந்து 'மிஸ், பிங்க் ஃபிளாய்ட்!' என்று குரல் வருகிறது. அதனால் அந்தப் படத்தை ஒரு விடைத்தாளைத் திருத்துவதுபோல் பார்த்து வைத்திருக்கிறேன்.

சரியாக வந்திருப்பது: முப்பட்டகத்தின் உச்சி மேலே இருக்கிறது, ஒளி அடிப்பக்கம் நோக்கி வளைகிறது, சிவப்பு மேலே, ஊதா கீழே. ஊதாதான் அதிகம் வளையும், எனவே வரிசை சரி. முழு மதிப்பெண்.

தப்பாக வந்திருப்பது: நிறப்பிரிகை கண்ணாடியின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும். படத்தில் ஒளி உள்ளே வெள்ளையாகவே விரிந்து மங்குகிறது. வெளியே வந்த பிறகுதான் நிறம் தெரிகிறது. அடுத்து, உண்மையான நிறமாலையில் ஒரு நிறம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இங்கே கத்தியால் வெட்டிய மாதிரி பட்டைகள். எண்ணிப் பாருங்கள், ஆறுதான் வரும். விப்ஜியாரில் கருநீலத்தைக் காணோம்.

ஆனாலும் அந்தத் தப்புகள் இல்லாமல் இந்தப் படமே இல்லை. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. உள்ளேயே நிறத்தைப் பிரித்து வரைந்திருந்தால் கண்ணாடியைத் தாண்டும் அந்த ஒரு நொடி திருப்பம் கண்ணுக்குக் கிடைத்திருக்காது. ஏழாவது பட்டை வந்திருந்தால் நீலமும் கருநீலமும் கருப்புப் பின்னணியில் ஒன்றோடொன்று கலங்கியிருக்கும்.

இன்னொன்றையும் ரசிப்பேன். இதன் மூலப்படம் ஓர் இயற்பியல் புத்தகத்தில் கண்டது என்று ஹிப்னோசிஸ்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒளியைப் பிரித்துக் காட்டிய நியூட்டன் கேம்பிரிட்ஜ்காரர். குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், சிட் பாரெட், அட்டை செய்த தோர்கர்சன் மூவரும் கேம்பிரிட்ஜில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஊர்ப்பாசம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது.

ஊசிமுனை

டீச்சர், அருமை. ஆனால் அந்த முக்கோணத்தைக் கேட்டு வாங்கியதே குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்தான். உங்கள் விசித்திரப் புகைப்படம் போதும், எளிமையாக, நேர்த்தியாக ஒன்று கொடுங்கள் என்றார். ஆபி ரோடு ஸ்டுடியோவில் ஏழு வடிவமைப்புகளைக் கொண்டுபோய் வைத்தார்கள், சில நிமிடங்களில் நால்வரும் ஒரே மனதாக முக்கோணத்தைக் காட்டிவிட்டார்கள். மற்றவற்றில் ஒன்று மார்வெல் காமிக்ஸின் சில்வர் சர்ஃபர். அதாவது அந்த அட்டை ஹிப்னோசிஸின் வழக்கமான வேலையே அல்ல, விதிவிலக்கு.

பழைய பேட்டை

இடையில் ஒரு சின்னச் செருகல். பிங்க் ஃபிளாய்டுக்கும் முப்பட்டகத்துக்கும் உறவு 1973-இல் தொடங்கியது அல்ல. 1967-இல் வந்த முதல் தொகுப்பு 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' அட்டையைப் பாருங்கள், நாலு பேரும் பல பிம்பங்களாகச் சிதறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருப்பார்கள். எடுத்தவர் விக் சிங். பிரிசம் வைத்த லென்ஸில் எடுத்த படம். அந்த லென்ஸை அவருக்குக் கொடுத்தவர் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன்.

அடுத்த வருடம் 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. ஹிப்னோசிஸ் செய்த முதல் அட்டை. அந்தக் கலங்கிய சுழலுக்குள் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் காமிக்ஸ் ஓவியம் கலந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஃப்செட் அண்ணாச்சி

எல்லாரும் படத்தைப் பேசுகிறீர்கள், அதைத் தாளில் இறக்கியவனை ஒருத்தரும் நினைக்கவில்லை. தொழில் செய்கிறவன் என்ற முறையில் நாலு வார்த்தை.

முழு அட்டையும் சாலிட் கருப்பு என்றால் அச்சகத்தில் எல்லோர் முகமும் மாறும். கருப்பு மை ஒன்றை மட்டும் ஓட்டினால் தாளில் அது சாம்பல் மாதிரி வெளிறி நிற்கும். அடியில் கொஞ்சம் சியான் என்ற நீல மை போட்டால்தான் கருப்புக்கு ஆழம் வரும். மை கூடினால் காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கருப்பு அட்டை கையிலெடுத்தவன் விரல் ரேகையை மறைக்காது. பழைய 'டார்க் சைட்' பிரதி கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தட்டு அழுத்தி அழுத்தி அட்டையின்மேல் வட்டமாகத் தேய்ந்த சாம்பல் தடம் இருக்கும். முக்கோணத்தைச் சுற்றி ஒரு நிலா.

அப்புறம் அந்த வானவில் பட்டை. அது முன் அட்டையோடு நிற்பதில்லை. அந்த அட்டை புத்தகம் மாதிரி விரியும். முன்பக்க வலது ஓரத்தில் வெளியேறும் பட்டை உள்பக்கம் தொடர்ந்து ஓடி, பின் அட்டைக்குப் போய், அங்கே தலைகீழாக உள்ள இன்னொரு முப்பட்டகத்தில் புகுந்து மறுபடி வெள்ளைக் கோடாகிறது. கடையில் அட்டைகளை முன்னும் பின்னுமாக வரிசையாக வைத்தால் கோடு அறுபடாமல் சுவர் முழுக்க ஓடும். பின் பக்க முப்பட்டகம் தோர்கர்சன் யோசனை, உள்ளே தொடரும் பட்டை வாட்டர்ஸ் யோசனை. உள்பக்கத்தில் பச்சைப் பட்டை மட்டும் நேராக இல்லாமல் இதயத் துடிப்பு வரைபடம்போல் துள்ளும். அந்த இசைத்தட்டு தொடங்குவதும் முடிவதும் இதயத் துடிப்பில்தானே.

இப்போது அச்சகக்காரன் கண்ணால் பாருங்கள். ஒரு பட்டை மூன்று இடத்தில் விளிம்பைத் தொடுகிறது. கட்டிங்கில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அடுத்த அட்டையின் பட்டையோடு சேராது. தம்பி ஊசிமுனை, ஆளைக் கொளுத்துவது ஒரு நாள் வேலை. இது லட்சக்கணக்கான பிரதிகளில் ஒவ்வொன்றிலும் சரியாக வர வேண்டிய வேலை.

ஊசிமுனை

அண்ணாச்சி சொன்னதில் 'ஆளைக் கொளுத்துவது ஒரு நாள் வேலை' என்ற வரியை மட்டும் யாராவது தனியே எடுத்துப் பகிர்ந்தால் நான் பொறுப்பல்ல.

மூன்றாங்கண்

பத்திரிகைப் புகைப்படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஊசிமுனையின் அடிப்படை வாதத்தில்தான் எனக்குச் சிக்கல். 'நிஜமாகச் செய்தார்கள், அதனால் நிற்கிறது' என்றால் 'அனிமல்ஸ்' அட்டையை எங்கே வைப்பீர்கள்?

கதை எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும், முழுதாகச் சொல்கிறேன். யோசனை வாட்டர்ஸுடையது. லண்டனில் தேம்ஸ் கரையில் பேட்டர்சீ மின்நிலையம், நிலக்கரியில் ஓடியது, நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் சிவப்பு டெலிபோன் கூண்டும் அவர் கைவண்ணம்தான். அந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு பன்றி பறக்க வேண்டும். ஜெர்மனியில் பலூன் செய்யும் கம்பெனி ஒன்றிடம் ஹீலியம் பன்றி செய்து வாங்கினார்கள். அதற்கு ஆல்ஜி என்று பெயர்.

1976 டிசம்பர் தொடக்கம். முதல் நாள் பன்றியை ஊதி ஏற்றவே முடியவில்லை. அறுந்து ஓடினால் சுட்டு இறக்குவதற்குத் துப்பாக்கிக்காரர் ஒருவரை வேறு நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் நாள் அவரை வரச்சொல்லவில்லை. அன்றைக்குத்தான் கயிறு அறுந்தது. பன்றி ஹீத்ரோ விமானப் பாதையில் ஏறி, கடைசியில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் விழுந்தது. மாடுகள் மிரண்டதாகப் பண்ணைக்காரர் கத்தினார் என்பார்கள். மூன்றாம் நாள் பன்றி ஒழுங்காகப் பறந்தது. ஆனால் வானம் சப்பென்று இருந்தது.

என்ன செய்தார்கள்? முதல் நாள் எடுத்த மேகம் திரண்ட வானத்தையும் மின்நிலையத்தையும் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் பன்றியை வெட்டி அதில் ஒட்டினார்கள். 1977 ஜனவரியில் கடைக்கு வந்த அட்டை அதுதான். அத்தனை பாடும் பட்டு முடித்துக் கடைசியில் ஒட்டுவேலை. படம் நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. ஏன்? அந்த வானத்தால். மஞ்சளும் சாம்பலும் கலந்த, மழைக்கு முந்தைய லண்டன் ஒளி. பன்றி அங்கே நிஜமாக இருந்ததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ரசிகன்அல்ல

@மூன்றாங்கண் இப்போதுதான் இந்த இழையில் ஒரு மனிதர் பேசுகிறார்.

ஊசிமுனை

மூன்றாங்கண் அண்ணா, ஒட்டியது நிஜப் பன்றி. அதுதான் வித்தியாசம். காகிதத்தில் வரைந்து ஒட்டியிருந்தால் அந்தத் தோலில் சுருக்கமும் வயிற்றடி நிழலும் வந்திருக்குமா? பறந்து ஓடிய கதையை 49 வருடம் கழித்து நீங்கள் இவ்வளவு ரசித்து எழுதியிருப்பீர்களா?

இன்னொரு சாட்சி கூப்பிடுகிறேன். 1987, 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்'. இங்கிலாந்தின் டெவன் மாவட்டம், சாண்டன் சேண்ட்ஸ் கடற்கரை. ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில்கள் மெத்தை விரிப்போடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை வளைந்து போகின்றன. 700 கட்டில் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வொன்றையும் மணலில் கொண்டுவந்து வைத்தார்கள். மழை வந்தது, எல்லாவற்றையும் திரும்ப அள்ளிக்கொண்டு போய், மறுபடி கொண்டுவந்து விரித்தார்கள். படம் முடிய இரண்டு வாரம் ஆயிற்று. புகைப்படக்காரர் ராபர்ட் டௌலிங்குக்கு அதற்கு விருதும் கிடைத்தது. இதில் ஒட்டுவேலை எங்கே?

ரசிகன்அல்ல

700 கட்டிலையும் யார் தூக்கினார்கள் என்று மட்டும் சொல்லவே மாட்டீர்கள். கூலி கொடுத்துத் தூக்க வைத்ததைக் கலைஞனின் பிடிவாதம் என்கிறோம். பணம் இருந்தது, செய்தார்கள். தட்டு கோடிக்கணக்கில் விற்கும்போது கம்பெனி கட்டிலும் வாங்கும், கட்டிலுக்குக் கடலும் வாங்கும்.

மூன்றாங்கண்

அது ஓரளவு உண்மை. 30 செ.மீ. சதுர அட்டை இருந்த காலத்தில்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் இருந்தது. சிடி வந்தபோது அதே படம் 12 செ.மீ. ஆயிற்று. ஹிப்னோசிஸ் 1983-இல் கடையைக் கட்டிக்கொண்டு வீடியோ பக்கம் போனதும் சிடி பரவத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நேரம். கட்டில் படம் தோர்கர்சன் அதற்குப் பிறகு தன் பெயரில் செய்தது.

ஆனால் கட்டில் படத்தில் ஊசிமுனை பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முன்னால் கிடக்கும் கட்டில்களைப் பாருங்கள். ஒன்றின் விரிப்பு இறுக்கமாக இருக்கும், இன்னொன்றில் கசங்கியிருக்கும். வரிசை வளையும் இடத்தில் இடைவெளி சமமாக இருக்காது. கம்ப்யூட்டரில் ஒரே கட்டிலைப் பிரதி எடுத்து அடுக்கியிருந்தால் கண் அதை உடனே பிடித்துவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று தோன்றும். ஒவ்வொரு கட்டிலையும் ஒவ்வொரு கை விரித்ததால் வந்த ஒழுங்கின்மை அது. எரியும் மனிதன் படத்திலும் அப்படித்தான். தீயின் ஒளி எதிராளியின் மேல் எப்படி விழும் என்பதைக் கற்பனையில் கணக்குப் போடுவது கஷ்டம். நிஜத்தில் அது தானாக விழுந்துவிடுகிறது.

ஆக என் கட்சி இது: நிஜமாகச் செய்ததால் படத்துக்கு மரியாதை வருவதில்லை. நாம் திட்டமிடாத விஷயங்கள் நாலு அதில் நுழைந்துவிடும், அதுதான் லாபம். 'அனிமல்ஸ்' படத்தில் நுழைந்தது வானம்.

வடமராட்சி

ஓம், இதைத்தான் நானும் நினைத்தேன். ஆனால் நீங்கள் எல்லோரும் 'விஷ் யூ வேர் ஹியர்' முன் அட்டையோடு நின்றுவிட்டீர்கள். அந்தத் தொகுப்பைப் பிரிக்காமல் பார்த்த ஆட்கள் இங்கே இருக்கிறார்களா?

1975-இல் கடையில் வாங்கினவர்களுக்கு எரியும் மனிதன் கண்ணில் படவே இல்லை. முழு அட்டையையும் கருப்புப் பிளாஸ்டிக்கால் மூடி விற்றார்கள். மேலே ஒரு ஸ்டிக்கர், அதில் இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கும் படம். அதுவும் ஜார்ஜ் ஹார்டி வரைந்ததுதான். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை ஒளித்து வைத்து விற்கிற துணிச்சலை யோசியுங்கள். அமெரிக்காவில் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் நடந்தது.

காரணம் அந்தத் தொகுப்பின் பொருளே இல்லாமை. 1968-இல் குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டை நினைத்து எழுதினது. 1975 ஜூன் 5 அன்று ஆபி ரோட்டில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவரே அங்கே வந்து நின்றார். உடம்பு பருத்து, தலையையும் புருவத்தையும் மழித்திருந்த அவரைக் கூட்டாளிகளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பின்னணியோடு அட்டையின் மற்றப் படங்களைப் பாருங்கள். பாலைவனத்தில் நிற்கும் விற்பனையாளனுக்கு முகம் இல்லை. மரங்களுக்கு நடுவே காற்றில் ஒரு சிவப்புத் துணி, ஆள் இல்லை. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் ஒருவன் தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்ந்திருக்கிறான், கால் மட்டும் வெளியே, ஆனால் ஒரு துளி தண்ணீர் தெறிக்கவில்லை. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அந்த ஆள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றபடி, மூச்சை அடக்கி, அலை அடங்கும்வரை காத்திருந்து எடுத்த படம்.

நெருப்பு, காற்று, நீர், நிலம் நாலும் அங்கே இருக்கின்றன. மனிதன்தான் எதிலும் முழுதாக இல்லை. ஊசிமுனை அண்ணை, உங்கள் ஓட்டுக்கு நான் சேருகிறேன். ஆனால் நெருப்புக்காக அல்ல, அந்தத் தெறிக்காத தண்ணீருக்காக.

இயற்பியல் டீச்சர்

வடமராட்சி எழுதியதைப் படித்த பிறகு முக்கோணத்துக்காகச் சேர்க்க ஒன்று தோன்றுகிறது. இவர்கள் முகத்தையே வெளியே எடுத்துவிட்ட குழு. 'அம்மாகம்மா' 1969-இல் நால்வரும் இருக்கிறார்கள். சுவரில் தொங்கும் படத்துக்குள் அதே அறை, அதற்குள் மறுபடி அதே அறை, ஒவ்வொன்றிலும் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். 1971 'மெடில்' உள்பக்கத்தில் ஒரு குழுப் படம். அதற்குப் பிறகு உறையில் குழுப் படம் வந்தது 1987-இல், குழுவின் கில்மரும் மேசனும் டேவிட் பெய்லி எடுத்த படத்தில். நடுவில் 16 வருடம். அந்த 16 வருடத்துக்குள்தான் உலகம் முழுக்கப் பேர் எடுத்தார்கள். தெருவில் நடந்து போனால் ஆள் தெரியாது, ஆனால் முக்கோணம் தெரியும்.

முகத்துக்குப் பதிலாக நிற்க வேண்டிய படம் எரியும் மனிதனாக இருக்க முடியாது, அது ஒரு கதை. கதையைப் பார்த்து முடித்துவிடலாம். முக்கோணத்தில் பார்த்து முடிக்க எதுவும் இல்லை.

பழைய பேட்டை

'மெடில்' பேச்சு வந்ததால்: அந்த அட்டையில் இருப்பது தண்ணீருக்கடியில் ஒரு காது. தோர்கர்சன் முதலில் கேட்டது பபூன் குரங்கின் பின்புறத்தின் குளோசப். குழு மறுத்துவிட்டது. குழு சொன்னதைக் கேட்டு நல்லது நடந்த தருணங்களில் இதையும் முக்கோணத்தோடு சேர்க்கலாம். காது அட்டை தோர்கர்சனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். எனக்கும்தான்.

மாட்டுக்கட்சி

குரங்கு வந்திருந்தால் என் பெயரை மாற்றியிருப்பேன்.

வடமராட்சி

'தி வால்' ஏன் இந்த வரிசையில் இல்லை என்று யாராவது கேட்பதற்கு முன்: 1979-இல் அந்த வேலை ஹிப்னோசிஸுக்குப் போகவில்லை. தோர்கர்சன் தங்கள் வேலைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார், அதில் 'அனிமல்ஸ்' அட்டையையும் சேர்த்தார். யோசனை என்னுடையது, பெயர் உன்னுடையதா என்று வாட்டர்ஸுக்கு மனக்கசப்பு. கார்ட்டூனிஸ்ட் ஜெரால்ட் ஸ்கார்ஃபைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளைச் செங்கல் சுவர், பெயரை ஒட்டி எடுக்கக்கூடிய தாளில் வைத்தார்கள். அதை உரித்துவிட்டால் வெறும் சுவர்.

ரசிகன்அல்ல

சரி, நான் ஒன்று கேட்கிறேன், ஊசிமுனை நேராகப் பதில் சொல்லட்டும். 2014, 'தி எண்ட்லெஸ் ரிவர்'. மேகங்களின்மேல் ஒருவன் படகு வலிக்கிறான், எதிரே சூரியன். செய்தவர் அகமது இமாத் எல்தின், எகிப்துக்காரர், அப்போது வயது 18. முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த கருத்து. தோர்கர்சன் 2013-இல் இறந்த பிறகு வந்த அட்டை. உங்கள் கணக்குப்படி இது நிற்கக்கூடாது. நிற்கிறதா, இல்லையா?

ஊசிமுனை

நேராகவே சொல்கிறேன்: எனக்கு நிற்கவில்லை. அழகான படம். ஆனால் அந்தத் துடுப்பு மேகத்தைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை. மோனோ ஏரியிலும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அங்கே ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஒன்றுமில்லாததை உண்டாக்கினான். பையனைக் குறை சொல்லவில்லை, 18 வயதில் அந்தப் பெயரின் கீழ் ஒரு படம் வருவது சாதாரணமல்ல.

1994-இன் 'தி டிவிஷன் பெல்' பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் ஈலி ஊருக்கு வெளியே வயலில் மூன்று மீட்டர் உயர உலோகத் தலைகள் இரண்டு எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கவாட்டு முகங்களும் சேர்ந்தால் நம்மைப் பார்க்கும் மூன்றாவது முகம் ஒன்று தெரியும். இரண்டு வாய்களுக்கு நடுவே தூரத்தில் ஈலி தேவாலயம். இதையும் கம்ப்யூட்டரில் செய்திருக்கலாம். ஆனால் அந்த உலோகத்தின் மேல் விழும் வெயில் அந்த ஊர் வெயில்.

ஆஃப்செட் அண்ணாச்சி

துடுப்பு விஷயத்தில் தம்பி சொல்வது எனக்கும் தோன்றியது.

'பல்ஸ்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 1995 நேரடிக் கச்சேரித் தொகுப்பு. முதுகில் பேட்டரி வைத்து ஒரு சிவப்பு விளக்கு, இடைவிடாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். அட்டை செய்கிறவனிடம் எலக்ட்ரீஷியன் வேலையும் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அலமாரியில் ராத்திரி முழுக்க மினுக்கி, பாட்டி அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

மூன்றாங்கண்

ஊசிமுனைக்குக் கடைசியாக ஒரு வேலை. 'அனிமல்ஸ்' 2018 ரீமிக்ஸுக்குப் புது அட்டை போட்டார்கள், பவல் பார்வையில் செய்தது. அதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேட்டர்சீ மின்நிலையம் 1983-இல் முழுதாக நின்றுபோய்ப் பல வருடம் பாழாகக் கிடந்து, இப்போது அடுக்குமாடியும் அலுவலகமும் கடைகளுமாகிவிட்டது. புது அட்டையில் அந்தக் கட்டுமானம் நடக்கும்போது எடுத்த படம். புகைபோக்கிகளைச் சுற்றிக் கிரேன்கள், நடுவே பன்றி. பழைய படத்தில் பன்றிதான் பொய்யாகத் தெரியும், கட்டடம் உறுதியாக நிற்கும். புதியதில் தலைகீழ்: அந்த இடத்திலேயே மாறாமல் மிச்சம் இருப்பது பன்றி மட்டும்தான் என்று தோன்றுகிறது. எனக்குப் புதியது பழையதற்குக் குறைந்ததல்ல. இதிலும் பன்றியை ஒட்டித்தான் இருப்பார்கள், பறக்கவிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. உங்களைச் செய்கிறதா?

ஊசிமுனை

செய்கிறது. ஆனால் கிரேன்களுக்காக மன்னித்துவிடலாம். அவை யாரும் கொண்டுவந்து நிறுத்தாதவை.

பழைய பேட்டை

அந்த ரீமிக்ஸ் பெயரில் 2018 என்று இருந்தாலும் கடைக்கு வந்தது 2022-இல். வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் தகராறு. அட்டைக்காக இல்லை, உள்ளே அச்சிட வேண்டிய குறிப்புக்காக. குறிப்பே இல்லாமல்தான் வெளியிட்டார்கள்.